மிடியும் வேணும், மைக்கும் வேணும்

நகரியில் எங்கள் வீட்டு முன்கட்டில் இரண்டு பவர்லூம் ஓடும். அந்தச் சத்தத்தில் வளர்ந்த நான், திருப்பதியில் பக்திப் பாட்டு சி.டி. போடும் ஒரு ஸ்டுடியோவில் கீபோர்டு வாசிக்கப் போனேன். பெரும்பாலும் மிடி வேலை. மிடியில் சத்தம் பதிவாகாது. எந்த ஸ்வரத்தை எப்போது, எவ்வளவு அழுத்தி வாசித்தேன் என்ற விவரம் மட்டும் கம்ப்யூட்டரில் நிற்கும். அதை வைத்தே நாதஸ்வரம், வீணை எல்லாம் வரவழைத்துவிடலாம். "மனுஷங்க எந்துகும்மா?" என்பார் முதலாளி, வாசிக்க ஆள் எதற்கு என்று தெலுங்கு கலந்து.

ஒரு பாட்டுக்கு மட்டும் அவரோடு சண்டை போட்டு, சென்னையிலிருந்து வயலின்காரரை வரவழைத்தேன். காலையில் மைக் முன்னால் வாசித்துவிட்டு அவர் ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். அப்புறம்தான் பாடகி வந்தார். தொண்டை கட்டியிருந்தது.

"சுருதி அஞ்சு கட்டை எட்டாதும்மா. நாலுக்கு இறக்கிக் குடு."

மிடியில் இருந்ததெல்லாம் ஒரு நொடியில் இறங்கியது. மைக்கில் பதிவான வயலினை இறக்கினால் ஜலதோஷம் பிடித்த மாதிரி இழுத்தது.

"அதைத் தூக்கிட்டு கீபோர்டு வயலின் வை. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் முதலாளி.

"எனக்குத் தெரியும் சார்."

"நீ வைக்கலன்னா வேற ஆள் வைப்பான்."

செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் வயலின்காரர் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நாலு கட்டையில திரும்ப வாசிக்கணும்."

"வண்டி வந்துடுமேங்க."

"அடுத்த வண்டியில போலாம். உங்க வாசிப்பைத் தூக்கச் சொல்றாரு. நான் தூக்கமாட்டேன்."

அவர் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

சி.டி.யில் அவர் வயலின்தான் வந்தது. மறுவாரம் என் நாற்காலியில் வேறொருத்தர் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நைனா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அந்தாளு வேணாம்னா ஊட்ல செய். கம்ப்யூட்டர் என்னா, அவன் ஊட்டு சொத்தா?"

பின்கட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்தேன். தெரு முழுக்கத் தறி ஓடும்போது மைக்கைத் திறக்கவே முடியாது. அந்த நேரத்தில் ஹெட்போன் போட்டுக்கொண்டு மிடி செய்தேன். கரெண்டு போனால் தெருவே அடங்கிவிடும். யூ.பி.எஸ். இருபது நிமிஷம் தாங்கும், அதற்குள் பாட்டைப் பதிவு செய்துவிட வேண்டும். ஊரில் எல்லாரும் கரெண்டுக்குக் காத்துக்கினு இருந்தார்கள். என் வீட்டில் பாட வந்தவர்கள் அது போவதற்குக் காத்துக்கினு இருந்தார்கள்.

அப்படி வந்த ஒரு வித்வான், "மிடி சுத்தப் பொய், சங்கீதமே இல்லை" என்றார்.

"அந்தப் பொய்யை ஒவ்வொரு ஸ்வரமா வச்சது என் விரல்தான்" என்றேன்.

இனிமேல் மைக்கே தேவையில்லை என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. அவர்களையும் நான் நம்பவில்லை. என் பாட்டில் எது எங்கே வேணும் என்று நான்தான் முடிவு பண்ணுவேன்.