வெள்ளத்தை முந்திய புறா

சென்னையில் ஆகாய விமானம் பறந்ததாக உங்கள் பத்திரிகையில் படித்ததும், எங்கள் வீட்டுப் புறாதான் நினைவுக்கு வந்தது.

மேலப்பாளையத்தில் தறி நெய்கிறோம். மேற்கே மலையடிவாரத்தில், ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் அம்பாசமுத்திரத்துக்குத் துணி விற்கப் போகும் என் மைத்துனர், போய்ச் சேர்ந்ததும் கூடவே கொண்டுபோன புறாவின் காலில் வெள்ளை நூல் கட்டிப் பறக்கவிடுவார். அங்கே ஆற்றில் வெள்ளம் என்றால் சிவப்பு நூல்.

அன்று ஆற்றுமணலில் சாய நூல் காயப்போட்டிருந்தோம். புறா சிவப்பு நூலோடு வந்து இறங்கியது.

"வெயில் இந்தப் போடு போடுது, வெள்ளம் எங்கன இருந்துவே வரும்?" என்று சிரித்தார் பக்கத்துத் தறிக்காரர். எனக்கும் சந்தேகம்தான்.

"மொதல்ல பிள்ளைகளக் கரையேத்துங்க!" என்று என் மனைவி நூலை வாரினாள். நாங்கள் கரையில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு மணலை விழுங்கியது. வண்டி பகலெல்லாம் ஊரும் தூரத்தை, வெள்ளத்தையும் முந்திக்கொண்டு இரண்டு சிறகு கடந்துவிட்டதே!

இப்போது மணலில் நூல் விரித்தால், மேற்கு வானத்தை விட்டு என் கண் நகர்வதில்லை.