துடைத்த புள்ளி

2002-ல் ஆரணியில் பட்டுப்புடவை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் கட்டம் பிரித்துத் தருவது என் வேலை. ஸ்கேன் செய்வேன், கட்டம் பிரிப்பேன், ஒற்றைப் புள்ளிகளைத் துடைப்பேன், தறியில் மாட்டும் துளை அட்டை அடிக்க அனுப்புவேன். ஒற்றைப் புள்ளி இருந்தால் துணியின் பின்பக்கம் ஜரிகை தொங்கும். அதனால் அது எங்களுக்குப் பிழை.

சென்னை ஓவியர் ஒருவர், தாம் வரைந்த நட்சத்திர வானத்தைக் கண்காட்சிக்காகப் பட்டில் நெய்யக் கொடுத்திருந்தார். நெய்த துணியை விரித்ததும் அவர் விரல் ஒரு மூலையில் நின்றது.

"இங்க சின்னதா ஒரு நட்சத்திரம் இருந்துச்சேம்மா?"

"தப்புப் புள்ளின்னு நான்தான் எடுத்துட்டேங்க."

பக்கத்தில் நின்ற, அதை நெய்த அண்ணன் சிரித்துவிட்டார். "வானத்தையே கிளீன் பண்ணிகினு இருந்தியாம்மா நீ!"

ஓவியர் சிரிக்கவில்லை. "பத்து வயசுல ஒரே ஒரு தடவை வானத்துல அதைப் பாத்தேன். அப்புறம் எவ்வளவு தேடியும் கிடைக்கல. அதுக்காகத்தான் வரையவே ஆரம்பிச்சேன்."

மறுபடி நெய்து தருகிறோம் என்றேன். மறுநாளே கண்காட்சி. துணியை மெதுவாக மடித்தார்.

"பரவால்லம்மா. என்கிட்டயிருந்தும் அது இப்படித்தான் காணாமப் போச்சு."

இப்போதும் வேலை முடிந்து வெளியே வந்தால் வானத்தில் அந்த மூலையைத்தான் முதலில் பார்க்கிறேன். நான் துடைத்தது இன்னும் என் கண்ணில் படவில்லை.