தராசுத் தட்டில் ஒரு பொட்டு

சுவிஸின் லா ஷோ-து-ஃபோனில் எங்கள் ஈழத்து ஆட்கள் பலரைப் போல நானும் கடிகாரத் தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறேன். மயிரிழை பிசகினாலும் பொறுக்காத என் குணம் அங்கே தொற்றியது என்பாள் மனைவி. நான் ஒத்துக்கொள்வதில்லை, பிறந்ததிலிருந்தே நான் இப்படித்தான்.

நரி வேட்டைக்கு அனுமதி எடுத்த பிறகு, என் சின்னத் துவக்குக்கான தோட்டாக்களைக் கடையில் வாங்காமல் நானே செய்யத் தொடங்கினேன். சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக் கோதைத் துடைத்து, பழைய அளவுக்கு நெரித்து, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே ரவைக் குண்டை அழுத்திப் பூட்ட வேண்டும். இதில் எனக்குள்ள சந்தோஷம் நரியைச் சுடுவதில்கூட இல்லை.

எல்லாம் குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில், எங்களுக்குரிய சிறு அறையில்தான். "வெடிச் சத்தத்துக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்சையும் அதுதானோ?" என்று கேட்ட மனைவி, அதன்பிறகு அங்கே காலடி வைத்ததில்லை. ஆனாலும், நான் இவ்வளவு ஆசையாகச் செய்வதை அவள் ஒருமுறையாவது வந்து பார்க்க மாட்டாளா என்று ஏங்கினேன்.

போன ஆயுத பூசைக்கு மறுநாள் கீழே இறங்கினேன். மருந்து நிறுக்கும் தராசின் முள், தட்டு வெறுமையாக இருந்தும் பூச்சியத்தில் நிற்க மறுத்தது. மேசையைச் சமப்படுத்தினேன். கதவிடுக்குக் காற்றைத் திட்டினேன். என் மூக்குக் கண்ணாடியையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் தட்டைத் தூக்கிப் பார்த்தால், அடியில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். கோது நெரிக்கும் கருவியின் கைபிடியிலும் ஒரு பொட்டு.

வழக்கமாக அவள் தையல் மெசினுக்கும் கத்தரிக்கோலுக்கும்தான் வைப்பாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. படிகளைத் தாவி மேலே ஓடினேன்.

"கீழை வந்தனீரோ?"

"ஓம். நீங்கள் வேலைக்குப் போன நேரம்."

"தராசிலை பொட்டு வைச்சால் நிறை பிழைச்சுப் போமெல்லோ?"

"அப்ப அதைத் துடையுங்கோ," என்றாள் கறியைக் கிளறியபடி. "துவக்குக்கு நான் வைக்கேல்லை. அதுக்கு இன்னும் மனம் வரேல்லை. உங்கடை கை புழங்கிற சாமானுகளுக்குத்தான் வைச்சனான்."

எனக்கு அது போதும். திரும்பப் போய்த் தட்டை ஈரத்துணியால் துடைத்தேன். முள் பூச்சியத்தில் வந்து நின்றது. கைபிடிப் பொட்டை மட்டும் தொடவில்லை. அது அழியாமல் இருக்க, இன்றுவரை கைபிடியைச் சற்றுக் கீழே பிடித்துத்தான் அழுத்துகிறேன்.