நாகூர் பாதையில் கழன்ற பால் ஜாயிண்ட்

தஞ்சாவூரிலிருந்து நாகூருக்குக் காரில் போக எது நல்ல வழி என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இந்தத் தை மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை போய்வந்தேன். பாதை, நேரம் எல்லாம் சொல்கிறேன். ஆனால் நான் நடந்துகொண்ட விதத்தை விட்டுவிட்டு வெறும் கிலோமீட்டரை மட்டும் எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

எதிர்வீட்டு ஷாகுல் பாயின் மனைவி மும்தாஜ் அக்காவுக்கு ஆறு மாதம் முன்பு இடுப்பில் ஆபரேஷன். நடக்க ஆரம்பித்ததும் நாகூர் தர்காவுக்கு வருவதாக நேர்ந்திருந்தார். பஸ் குலுக்கல் ஆகாது, என் காரில் போகலாம் என்று நான்தான் சொன்னேன். கார் பதினாறு வருடம் பழையது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் தட்டும். மெக்கானிக் ராஜேந்திரன் ஓட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் மாற்றவேண்டும் என்றார். முன்சக்கரத்தை வண்டியோடு பிடித்துவைத்திருக்கும் இரும்புக் கை அது. அதன் நுனியில் இருக்கும் உருண்டையான மூட்டுதான் பால் ஜாயிண்ட். நல்ல பார்ட்ஸாக என்னையே வாங்கிவரச் சொன்னார்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று 2,850 ரூபாய். மற்றது 1,150. மலிவானது கொஞ்ச நாள் ஓடும், ஆனால் கேரண்டி கிடையாது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். என்னால் முடியாத தொகை இல்லை. விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு என்று நினைத்தேன், அவ்வளவுதான். மலிவானதில் இரண்டு வாங்கி, ராஜேந்திரன் பார்த்துவிடக் கூடாதென்று பெட்டிகளைக் கடை வாசலிலேயே போட்டுவிட்டேன்.

அவர் கையில் எடுத்ததுமே மூட்டை அசைத்துப் பார்த்தார். "புதுசுன்னா இறுக்கமா இருக்கணும் சார். இது லொட லொடன்னு இருக்கு. பெட்டி எங்க?"

கடையிலேயே விட்டுவிட்டேன், கம்பெனிப் பொருள்தான் என்றேன். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு மாட்டிக்கொடுத்தார்.

காலை 6.10க்குக் கிளம்பினோம். அம்மாப்பேட்டை வழியாக நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர். எங்கள் வீட்டிலிருந்து 86 கிலோமீட்டர். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இருபத்தைந்து நிமிஷம் நின்றோம். அந்த நேரத்தைக் கணக்கில் வைத்தே கிளம்புங்கள். தண்டவாளத்தைத் தாண்டும்போது இடதுபக்கம் ஒரு தட்டல் கேட்டது. எனக்கு நன்றாகவே கேட்டது. பாய் கேட்டதற்கு, ரோடு அப்படி என்றேன்.

அங்கிருந்து ஏழாவது கிலோமீட்டரில் சாலையின் பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். வேகத்தை இருபதுக்குக் குறைத்து ஒதுங்கினேன். படீரென்று ஒரு சத்தம். ஸ்டியரிங் என் பிடியில் நிற்கவில்லை. கார் முன்பக்கம் குப்புற விழுந்து, நெல்லுக்குள் இழுத்துக்கொண்டு போய் நின்றது. இறங்கிப் பார்த்தால், இடது சக்கரம் உடைந்த கால் மாதிரி வெளியே மடங்கிக் கிடந்தது. பால் ஜாயிண்ட் கழன்றுவிட்டது. அந்தப் பக்கம் ஐந்தடி தள்ளி வாய்க்கால், நிறையத் தண்ணீர்.

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நெல்லுக்காரப் பெண்மணி திட்டத்தான் ஓடிவந்தார். அக்காவைப் பார்த்ததும் திரும்பிப்போய் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார். நான் செய்தது என்ன தெரியுமா? பாய் முன்னாலேயே ராஜேந்திரனுக்குப் போன் போட்டு, என்னய்யா வேலை பார்த்தாய் என்று கத்தினேன். இடது சக்கரம் கழன்றதைச் சொன்னேன். அவர் இடத்தை மட்டும் கேட்டார்.

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் பைக்கில் வந்துவிட்டார். பையைத் திறந்தார். இரண்டு பக்கத்துக்கும் லோயர் ஆர்ம் இருந்தது, நல்ல கம்பெனிப் பெட்டியோடு. நான் இடதுபக்கம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

இரண்டையும் மாற்றி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே பாயிடம் போனார். "என் கவனக்குறைவு பாய். மாட்டும்போதே நிறுத்தியிருக்கணும்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

நாகூர் போய்ச் சேர்ந்தபோது 12.40. அக்கா மெதுவாக நடந்து உள்ளே போய்த் தொழுதுவிட்டு வந்தார். தர்கா முற்றத்தில் உட்கார்ந்து பாய் தன் மருமகனுக்குப் போன் செய்தார். மருமகன் இரண்டு டாக்ஸி வைத்திருக்கிறார். அந்த வாரம் இரண்டையும் ராஜேந்திரனிடம் வேலைக்கு விடுவதாக இருந்தது. விடாதே, உயிர் போகவிருந்தது, தெருவிலும் சொல்லிவிடு என்றார் பாய். நான் அப்போதும் சொல்லவில்லை. எழுந்து கடற்கரைப் பக்கம் போய் நின்றேன்.

திரும்பும்போது கீழ்வேளூர் தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். பின்னால் திரும்பிப் பார்க்கும் தைரியம் இல்லை. கண்ணாடியைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு விலை, வீசிய பெட்டி, தண்டவாளத்தில் கேட்ட சத்தம்.

பாய் உடனே மருமகனை அழைத்தார். "அந்த மெக்கானிக் மேல தப்பு இல்ல. வண்டிய அவர்கிட்டயே குடு" என்றார். யார் மேல் தப்பு என்று சொல்லவில்லை. அக்காதான் பேசினார், கோபமே இல்லாமல்.

"என் இடுப்பு உங்களுக்குத் தெரியும்ல தம்பி."



மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ராஜேந்திரன் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "நீங்க பொய் சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சார் மாட்டுனேன். நல்ல கஸ்டமர், மனசு கோணக் கூடாதுன்னு. அது என் தப்புதான்." இனி பார்ட்ஸ் அவரே வாங்கினால்தான் என் வண்டியைத் தொடுவார். ஒப்புக்கொண்டேன்.

பழைய காரில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கு: லோயர் ஆர்ம் வாங்கும்போது பால் ஜாயிண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள், இறுக்கமாகத் திரும்ப வேண்டும். இரும்பில் பார்ட் நம்பர் பொறித்திருக்க வேண்டும். பெட்டியில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். ரப்பர் மூடியில் வெடிப்போ கிரீஸ் கசிவோ இருந்தால் வேண்டாம். பில் கேட்டு வாங்குங்கள். மாட்டியபின் வீல் அலைன்மெண்ட் பார்த்து, ஊருக்குள் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக், ஸ்டியரிங், சக்கரம், இந்த மூன்றிலும் மலிவு பார்க்காதீர்கள். போகவரப் பெட்ரோல் எனக்கு 1,300 ரூபாய் ஆனது.

போன மாதம் பாயும் அக்காவும் மறுபடி நாகூர் போனார்கள். என் காரில் வரச் சொல்லிக் கேட்டேன். பரவாயில்லை தம்பி என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார் பாய். காலை ஆறு மணிக்கு, இடுப்புக்கு ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு, அக்கா பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஏறியதை என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன்.