நான் இரண்டு முறை வாங்கிய கிடார்

ஒரே கிடாரை, ஒரே மதியத்தில், இரண்டு முறை காசு கொடுத்து வாங்கிய அறிவாளி யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? இனிமேல் தெரியும். வணக்கம்.

போன ஞாயிறு எங்கள் ராயபுரம் கிறிஸ்தவக் கோயிலில் திருவிழா ஏலம். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை... திருவிழாவுக்கு ஜனங்கள் காணிக்கையாகக் கொடுத்த சேவல், புடவை, தென்னங்கன்று, மிக்ஸி எல்லாவற்றையும் மதியப் பூசை முடிந்ததும் பந்தலில் வைத்து ஏலம் விடுவார்கள். வருகிற காசு கோயிலுக்கு. இந்த வருசம் பள்ளிக்கூடத்துக் கூரைக்கு.

சேவலுக்கும் மிக்ஸிக்கும் நடுவில் அது கிடந்தது.

கப்பலில் வேலை பார்த்த ஒருவர் ஐரோப்பாவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்த அக்கூஸ்டிக் கிடார். அவர் இறந்து, வீட்டைக் காலி செய்தபோது மகள் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். எழுபது வருசப் பழசு. முழுக்கக் கையால் செய்தது. முன்பலகை பால் விடாத டீ நிறத்துக்குக் கறுத்துப் போயிருக்கிறது. ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு காகித லேபிள், அதில் பேனாவால் எழுதிய நம்பர். ஏலத்துக்கு முந்தின வாரம் அதைப் பார்த்த அன்றைக்கு அந்த நம்பரை நாலு முறை படித்தேன், சத்தியமாக. மூன்று வருசமாக இந்த மாடலை நான் போட்டோவில் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டு ஏலத்தில் வந்தால் என் பைக், லேப்டாப், ஒரு கிட்னி... எல்லாவற்றையும் விற்றாலும் கிட்டப் போக முடியாது.

உடனே ஃபாதரிடம் போய் அதன் உண்மையான மதிப்பைச் சொன்னேன். நான் யோக்கியன் என்று காட்டுவதற்காக அல்ல. பிறகு தூக்கம் வராது என்பதால். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வெளிநாட்டுக்காரன் கைல பேசி, பார்சல் கட்டி, எவன்பா உக்காந்து விக்கிறது? மழைக்குள்ள கூரை போடணும். உனக்கு ஆசையா இருந்தா ஏலத்துல வந்து கேளு."

கேட்டேனே!

ஏன் இவ்வளவு துடிப்பு? என்னிடம் இருக்கிற பிளைவுட் கிடார் எங்கள் ஊர் உப்புக் காற்றில் வில்லாக வளைந்துவிட்டது. டியூன் வைத்து ஒரு பாட்டு முடிப்பதற்குள் சுருதி எண்ணூர் வரை போய்விடும். அடுத்த மாதம் நானே எழுதிய நாலு பாட்டுக்கு ஸ்டுடியோ புக் பண்ணியிருக்கிறேன். கால் சென்டரில் இரண்டு வருசம் திட்டு வாங்கிச் சேர்த்த நாற்பதாயிரம் பேங்கில் இருந்தது. நல்ல கிடார் கிடைத்தால் பாட்டு. இல்லாவிட்டால் மறுபடி ஹெட்செட். அவ்வளவுதான் கணக்கு.

துணைக்கு சாதிக் வந்தான். வண்ணாரப்பேட்டையில் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பண்ணுகிறவன், ஸ்கூல் தோஸ்து. கிடாருக்காக வந்தேன் என்றான். ஏலம் முடிந்ததும் போடும் பிரியாணிக்காக வந்தான் என்பது எனக்குத் தெரியும்.

ஏலம் விடுகிறவர் அந்தோணி அண்ணன். வார நாளில் லாரி புரோக்கர். மைக்கைப் பிடித்தால் அந்தத் தெருவில் வேறு யாருக்கும் காது இருக்காது. என் கனவுக் கிடாரை அவர் அறிமுகப்படுத்திய அழகைக் கேளுங்கள்: "அடுத்தது கிடாரு! ஃபாரின் சரக்கு! கம்பி ஆறு, அதுல ஒண்ணு அறுந்துகீது. கேளுங்க, கேளுங்க!"

கேட்டார்கள். முழுக் கோபத்தில் சொல்கிறேன்... வாசிக்கத் தெரிந்த ஒரு ஆள் அந்தப் பந்தலில் இல்லை. ஒருவர் முன்பலகையைக் கதவு மாதிரித் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் கழுத்தைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு வெயிட் பார்த்தார். காலைக் கட்டிப் போட்டிருந்த சேவல் தத்தித் தத்தி வந்து அதன்மேல் ஏறி நின்றது. நான் ஓடிப் போய்ச் சேவலைத் தூக்கினேன். "தம்பி, சேவல் போன ஐட்டம்பா, ஏலம் முட்ஞ்சிது" என்றார் அந்தோணி அண்ணன் மைக்கில். பந்தலே சிரித்தது.

இருபத்தாறாயிரம். ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!

எனக்குத்தான். எனக்கு! சாதிக் என் முதுகில் குத்தின குத்தில் இருமல் வந்தது.

இங்கேதான் எங்கள் கோயில் வழக்கம் ஒன்றை நான் மறந்து தொலைத்தேன். ஏலம் எடுத்தவரிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். பொருள் வீட்டுக்கா, கோயிலுக்கா? கோயிலுக்கு என்றால், காசும் கொடுத்து, பொருளையும் திருப்பிக் கொடுத்துவிடுவது. அதை மறுபடி ஏலம் விடுவார்கள். அப்படிக் கொடுக்கிற குடும்பத்துக்கு பேண்டு வாசிப்பு, கைதட்டு, வருசம் பூரா மரியாதை.

"சரி தம்பி... வூட்டுக்கா, கோயிலுக்கா?"

நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வருவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. எங்கள் அம்மா. தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்தின் தலைவி.

"கோயிலுக்கே!"

பேண்டு. கைதட்டு. ஒருத்தர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லா வளர்த்துகீறாங்க" என்றார்.

ஓடினேன். "அம்மா! இன்னாமா பண்ணிட்ட?"

"கம்முனு இரு. எல்லாரும் பாக்குறாங்க."

"அது எனக்கும்மா!"

"பழைய கிடாருதானடா? வேற வாங்கிக்க."

"இந்த மாதிரி வேற கிடைக்காதும்மா!"

அம்மா முகம் பிரகாசமானது. "அப்போ ரொம்ப நல்ல காணிக்கைதான்."

சாதிக் பக்கத்தில் வந்து நின்றான். "துட்டும் போச்சு, கிடாரும் போச்சு. செம பேஜாரு மாமு. எங்க பள்ளிவாசல்ல ஒரு பூசணிக்காய இப்டித்தான் ஏழு வாட்டி ஏலம் வுட்டாங்கோ. கடைசில அது அழுகிப் போச்சு."

ஆறுதல் சொல்ல இவனை அனுப்பியது யார் என்று தெரியவில்லை.

இரண்டாவது சுற்றில் ஐஸ் ஃபேக்டரி ராஜன் இறங்கினார். காசிமேட்டு மீனுக்கு ஐஸ் சப்ளை. போன வருசம் அவர் வீட்டம்மா வெள்ளிக் குத்துவிளக்கைத் திருப்பிக் கொடுத்ததைத் தெரு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயரை ஒரு கால் சென்டர் பையன் குடும்பம் தட்டிக்கொண்டு போக விடுவாரா? முப்பதாயிரத்துக்கு எடுத்தார். என் கையில் மிச்சம் பதினாலுதான், வேடிக்கை பார்த்தேன்.

"ராஜன்ணே, வூட்டுக்கா, கோயிலுக்கா?"

ராஜன் என் அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கோயிலுக்கே!"

பேண்டு. மூன்றாவது சுற்று. டிரெய்லர் லாரி ஓனர்கள் ஆறு பேர் சேர்ந்து எடுத்தார்கள், இருபத்திரண்டாயிரம். ஆறு பேரும் ஒரே குரலில், "கோயிலுக்கே!" அதில் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு கிடாரைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். பந்தலில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனுக்கும் அதற்கும் நடுவில் அரை அடி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எல்லோரும் வாங்குகிறார்கள். ஒருவருக்கும் வேண்டாம். வேண்டும் என்கிற ஒரே ஆளால் வாங்க முடியவில்லை. இதற்குப் பெயர் ஏலமா?

அப்போதுதான், ஏலம் முடியக் காத்திராமல், பிரியாணி தேக்சாவைத் திறந்தார்கள். வாழ்க சீரகச் சம்பா! வாசனை வந்ததும் பாதிப் பந்தல் எழுந்து வரிசைக்குப் போய்விட்டது. ராஜன் முதல் ஆள். நான்காவது சுற்றில் கேட்பதற்கு ஏழெட்டுப் பேர்கூட இல்லை. சாதிக்கைத் திரும்பிப் பார்த்தேன். பிரியாணியைப் பார்த்தபடி நின்றிருந்தான், ஆனால் நகரவில்லை. அதுதான் நட்பு.

பதினோராயிரம். மூணு தரம். மறுபடி எனக்கு.

அந்தோணி அண்ணனும் களைத்திருந்தார். "தம்பி... வூட்டுக்கா, கோயிலுக்கா?"

அம்மாவின் கை உயர ஆரம்பித்தது. அதைப் பார்த்த அடுத்த நொடி நான் மைக்கைப் பிடுங்கிவிட்டேன்.

"வூட்டுக்கு."

ஸ்பீக்கரில் ஒரு கொய்ங் சத்தம். வரிசையில் தட்டோடு நின்றவர்கள் திரும்பினார்கள். அந்தோணி அண்ணன் குரலைத் தணித்து, "யோசிச்சு சொல்லு நைனா. அம்மா நிக்கிறாங்கோ" என்றார்.

"யோசிச்சுட்டேன்ணே. நான் வாசிக்கப் போறேன். வூட்டுக்கு."

பேண்டு இல்லை. கைதட்டு இல்லை. இருந்தது, ஒன்றே ஒன்று... சாதிக். அவனும் இரண்டு கைதட்டலோடு நிறுத்திக்கொண்டான். அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். பிரியாணிகூடச் சாப்பிடவில்லை. அந்த நிமிடம் கிடாரைக் கீழே வைத்துவிடலாமா என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. கை விடவில்லை.

ஒன்று புரிந்தது. எங்கள் ஏரியாவில் கொடுப்பதற்கு தைரியம் தேவையில்லை, பேண்டு வாசிக்கிறார்கள். எனக்கு வேண்டும் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போக... அதற்குத்தான் தைரியம் வேண்டும்.

இரண்டு நாள் அம்மா என்னிடம் பேசவில்லை. தட்டு வரும், பேச்சு வராது. மூன்றாம் நாள் அறுந்த கம்பியை மாற்றி, டியூன் வைத்து, என் முதல் பாட்டை வாசித்தேன். எப்படி இருந்தது என்று எழுதினால் பீலா விடுகிறேன் என்பீர்கள். மணியடித்தது மாதிரி ஒரு சத்தம், அடங்கவே இல்லை. சமையலறையில் பாத்திரம் உருளும் ஓசை நின்றது. அம்மா வாசலில் வந்து நின்றார். பாட்டு முடியும் வரை நின்றார்.

"நல்லாத்தான் கீது" என்றார் மெதுவாக.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நிஜமாவாம்மா?"

"ஆமாண்டா. இவ்ளோ நல்லதுன்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா மைக்க உன் கைல வுட்ருக்கவே மாட்டேன். அடுத்த திருவிழாவுக்குக் குடுத்துர்லாம்."

கிடார் பெட்டிக்குப் பூட்டு வாங்கிவிட்டேன். சாவி சாதிக்கிடம் இருக்கிறது.