யாரும் குடியிருக்கவில்லை

மின் நிலையத்துத் தரையில் சிந்துகிற கிரீஸைச் சுரண்டித் துடைப்பதுதான் அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் கிரீஸ் அக்கா. கல்யாணமாகி அணைக்கட்டுக்கு வந்தவள், புருஷன் போய்ச்சேர்ந்த பிறகும் அதே ஒற்றை அறையில்தான் இருந்தாள். அணையின் காலடியில் தகரக் கூரை போட்ட ஒரு வரிசை வீடுகள். சட்டப்படி அவை வீடுகளே அல்ல. ஷிஃப்ட் ஆட்கள் தலை சாய்க்கிற ஓய்வறைகள். குடும்பம் வைக்கக் கூடாது. ஆனால் வெளியே வாடகைக்குப் பிடித்துக் கட்டுப்படியாகிற சம்பளமா அது? ஒருவர் பெண்டாட்டியைக் கூட்டி வந்தால் அடுத்தவர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? வரிசை முழுக்கக் குடித்தனமாகிவிட்டது.

இன்ஜினியர் வரும்போது மட்டும் அந்தக் குடித்தனம் மறைய வேண்டும். மேல் வளைவில் அவர் ஜீப்பின் ஹாரன் கேட்டதும் அக்கா இரும்புக் குழாயில் ஒரு தட்டுத் தட்டுவாள். கொடியில் கிடக்கும் துணி உள்ளே போகும். அடுப்பு கட்டிலுக்கடியில் போகும். பிள்ளைகள் பம்ப் ஷெட்டுக்குப் பின்னாலும் ஆடுகள் மேட்டுக்கும் போய்விடும். ஜீப் வந்து நிற்கும்போது இடம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். கைக்குழந்தைகூட அழாது.

"நம்ம பிள்ளைங்க வாயைப் பொத்திக்கிட்டே பொறந்ததுங்க" என்று கிரேன்காரர் பெருமையடிப்பார்.

அணைக்கு வயதாகிவிட்டது. சுவரெல்லாம் கசிவு, டர்பைன்களும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. இடித்துவிட்டு ஆற்றை அதன் போக்கில் விடுவதென்று மேலே முடிவானது. அதற்கு முன் யாருக்கு, எதற்குப் பாதிப்பு வரும் என்று சுற்றுச்சூழல் ஆய்வு நடத்த வேண்டுமாம். வரிசை வீடுகளுக்கும் இந்தச் செய்தி எட்டியது. ஆனால் ஆய்வு என்பது மீனுக்கும் மரத்துக்கும் என்றே அவர்கள் நினைத்தார்கள்.

ஒரு காலை, அரசுப் பலகை மாட்டிய வண்டி ஒன்று வளைவில் இறங்கியது. இது ஹாரன் அடிக்கவில்லை. பலகையைக் கண்டதுமே அக்காவின் கை குழாயைத் தட்டிவிட்டது. மற்றதெல்லாம் தானாக நடந்தது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் இளம்பெண் இறங்கி வந்தாள். அக்கா மட்டும் துடைப்பத்தோடு நின்றாள்.

"அக்கா, இங்க யாராவது குடியிருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க மேடம். நான் பெருக்க வந்தவ."

"ராத்திரியில தங்குறவங்க?"

"ராத்திரியிலயா? பாம்புதான் தங்கும்."

அந்தப் பெண் சிரித்தாள். வௌவால் உண்டா என்று கேட்டாள். இதற்குப் பொய் தேவைப்படவில்லை. அக்கா சந்தோஷமாகவே பழைய சுரங்கத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். வண்டி திரும்பிப் போனதும், "ஒத்தைச் செருப்புகூட வெளிய தெரியல" என்று கிரேன்காரர் மெச்சிக்கொண்டார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அறிக்கையை வாசித்தபோதுதான் தலையில் இடி விழுந்தது. மீன்களுக்கு ஏற்பாடு இருந்தது. வௌவால்களுக்கு மாற்றுக் கூடு இருந்தது. பாதிக்கப்படும் குடும்பங்களுக்கு மாற்று வீடும் உண்டாம். ஆனால் அணையின் காலடியில் யாரும் குடியிருக்கவில்லையாம்.

"வௌவாலாப் பொறந்து தலைகீழாத் தொங்கியிருந்தா வீடு கிடைச்சிருக்கும்" என்றாள் கிரேன்காரர் மனைவி. யாரும் சிரிக்கவில்லை.

கிரேன்காரர் அக்காவைப் பார்த்தார். "நீதானேம்மா சொன்னே. நீயே போய் மாத்திச் சொல்லு."

அவள் நாலு பேர் முன்னால் வாய் திறந்தவள் இல்லை. மைக்கில் முதலில் அவள் மூச்சுதான் கேட்டது.

"நாங்க அங்கதான் இருக்கோங்க. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்."

முன்வரிசையில் அந்த இளம்பெண் நிமிர்ந்தாள். "ரெண்டு தடவை கேட்டேனே, அக்கா" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் சுட்டது.

தலைமை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யாம்மா?"

"ரெண்டுமே பயந்து சொன்னதுங்க."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கணக்கெடுப்பு முடிந்த பிறகு வந்து உட்கார்ந்துகொண்டு வீடு கேட்கிறவர்கள் எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். "முன்னாடியே இருந்தீங்கன்னு அணையில வேலை பார்த்த அதிகாரி யாராவது எழுதிக் கொடுக்கட்டும். சேர்த்துக்கலாம்" என்றார்.

அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார். ஜீப்பில் வந்துபோன அந்த இன்ஜினியர், இப்போது ஓய்வுபெற்றுவிட்டவர். அக்கா அவர் வீட்டுக்குப் போனாள். உட்காரச் சொன்னார், அவள் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"குடும்பம் வைக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கும்மா. இருந்துச்சுன்னு நான் எழுதினா, இத்தனை வருஷம் நீ என்ன பார்த்துக்கிட்டிருந்தேன்னு கேப்பாங்க. பென்ஷன்ல கை வைப்பாங்க. எனக்குத் தெரியாத விஷயத்தை நான் எப்படி எழுதுறது?"

"தெரியும்தானேங்கய்யா. இல்லன்னா வளைவுக்கு வளைவு அடிக்காம, அந்த ஒரு வளைவுல மட்டும் எதுக்கு ஹாரன் அடிச்சீங்க? நாங்க சுதாரிச்சுக்கட்டும்னுதானே?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அங்க ஆடு மாடு குறுக்க வரும். அதுக்கு அடிச்சேன்."

ஒளிந்துகொண்டவர்கள் தாங்கள் மட்டும்தான் என்று அவள் இதுவரை நினைத்திருந்தாள். அவரும் கூடவே ஒளிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். என்ன, அவருக்கு ஒளிய மாடி வீடு இருந்தது. அவர் மனைவி கொண்டுவந்த தண்ணீரைத் தொடாமல் அக்கா படியிறங்கினாள்.

வரிசையில் எல்லோரும் வாசலிலேயே காத்திருந்தார்கள்.

"என்னம்மா சொன்னாரு?"

"ஆடு மாடுன்னு சொன்னாரு."

அவர்கள் ஒன்றும் விளங்காமல் பார்த்தார்கள். அக்கா உள்ளே போய்க் கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தாள்.