கப்பலுக்கு முன் வடிய வேண்டிய நீர்

காலை பத்தே கால். அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் என் கண்ணில் பட்டது பெரியப்பாவின் கட்டிலுக்குக் கீழே இருந்த குப்பி. அவர் விலாவில் செருகிய குழாய் வழியே அதில் பாதிக்கு மேல் நீர் இறங்கியிருந்தது. பால் விடாத தேநீரின் நிறம். நுரையீரலைச் சுற்றிப் பல வாரங்களாகச் சேர்ந்த நீர்.

பெரியப்பாவை மேல்சிகிச்சைக்குக் கொண்டுபோக, மாலை நான்கு மணிக்குத் தீவிலிருந்து சென்னைக் கப்பல். நெஞ்சில் குழாய் போட்டவரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இதை விட்டால் அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. படுத்தபடி மூச்சுவிட முடிந்தால் அனுப்புகிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நர்ஸ் குழாயைக் கிளிப் போட்டு அடைத்தார். "அபி பந்த், இப்போதைக்கு மூடியாச்சு. ரெண்டு மணி நேரம் ரெஸ்ட். ஒரேயடியா எடுத்தா நுரையீரல் தாங்காது. யாரும் தொடாதீங்க, சம்ஜே?"

பெரார்கஞ்சிலிருந்து பைக் விபத்தில் அடிபட்ட இருவரைக் கொண்டுவந்தார்கள். நர்ஸ் அங்கே ஓடினார்.

பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன், கராச்சர்மாவில் தண்ணீர் லாரி வைத்திருக்கிறார். அங்கே குழாயில் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறைதான் வரும். வந்தால் குடம், டிரம், குழம்புச் சட்டி வரை நிரம்பாமல் யாரும் குழாயை மூடுவதில்லை.

"தண்ணி வர்ற நேரத்துல வால்வ அடைக்கிற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார் அண்ணன்.

"சும்மா இருங்க. அந்த சிஸ்டர் சொல்லிட்டுத்தானே போச்சு" என்றார் அண்ணி.

"அதுக்கென்ன, அதுவா கப்பலப் புடிக்கணும்?"

பெரியப்பா கண்ணைத் திறந்தார். "தொறந்து விடுறா. பாதி லேசாயிட்டேன். ஜல்தி."

நான் நர்ஸைக் கூப்பிடப் போனேன். அடிபட்ட ஒருவனின் தொடையை அழுத்திப் பிடித்திருந்தவர், வருகிறேன் என்று தலையசைத்தார். நான் திரும்பியபோது கிளிப் மெத்தைமேல் கிடந்தது. குப்பி கழுத்துவரை நிறைந்திருந்தது.

"பாத்தியா தம்பி, ஃபுல் டேங்க்" என்றார் அண்ணன்.

பெரியப்பா சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. வாயில் முதலில் வெள்ளை நுரை வந்தது, பிறகு இளஞ்சிவப்பு நுரை. விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி விடாமல் கத்தியது.

ஓடிவந்த டாக்டர் குழாயை அடைத்தார். "யார் திறந்தது?"

அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் குப்பியைப் பார்த்தார்.

நெடுநாள் சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கசியும். டாக்டர் இதை எங்களிடம் இரண்டு முறை சொன்னார். வெளியே எடுத்த நீரைவிட மிகக் குறைவான நீர்தான் உள்ளே கசிந்தது. அது போதுமானதாக இருந்தது.

ஆக்சிஜன் முகமூடிக்குள் நுரை ஏறியது. அண்ணன் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். "கப்பல்ல நல்ல காத்து வரும்பா. கொஞ்சம் பொறுத்துக்கப்பா."

பெரியப்பா அவர் கையைத் தள்ளிவிட்டார். ஒன்றரை மணிக்கு இறந்தார்.

அன்று கடல் சரியில்லை. கப்பல் மறுநாள் மதியம்தான் கிளம்பியது.